பத்தாம் வகுப்புக் குவார்ட்டர்பேக்கும் நவம்பர் மாதப் பேச்சும்

டாலஸுக்கு வடக்கே புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் மகள் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். அதனால் வெள்ளிக்கிழமை இரவு தவறாமல் ஸ்டேடியத்தில் இருக்கிறார். பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணி, சீசன் கடைசியில் நடக்கும் நாக்-அவுட் போட்டியான பிளேஆஃபுக்குள் நுழைந்துவிட்டது. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், பத்தாம் வகுப்புப் பையன். பின்வரிசையில் ஒருவர், "இவன் என்எஃப்எல் போவான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் (என்எஃப்எல் என்பது தொழில்முறை ஃபுட்பால் லீக்). அவருக்குப் பக்கத்தில் இருப்பவரோ, "இவனை வைத்துக்கொண்டு மூன்றாவது சுற்றைத் தாண்ட முடியாது, பன்னிரண்டாம் வகுப்புப் பையனை இறக்குங்கள்" என்று கத்துகிறார். இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். யார் சொல்வது சரி? பள்ளிப் பையன் ஒருவனுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? அந்தப் பேச்சு எங்கே எல்லை தாண்டுகிறது?

நானும் இப்படி பேண்டுக்காகப் போய் ஃபுட்பாலில் மாட்டிக்கொண்டவன்தான். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பின்வரிசைக்காரர்கள் இரண்டு பேருமே அநேகமாகத் தப்பு. பிளேஆஃப் முடிவை வைத்து அந்தப் பையனின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. டெக்சஸிலேயே அதற்கு வேண்டிய அளவு சாட்சி இருக்கிறது.

முதலில் இது என்ன மாதிரிப் போட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே அரசுப் பள்ளி விளையாட்டை யுஐஎல் என்ற அமைப்பு நடத்துகிறது. மாணவர் எண்ணிக்கையை வைத்து 1ஏ முதல் 6ஏ வரை பிரிவுகள். பெரிய பள்ளிகள் 6ஏ. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து 'டிஸ்ட்ரிக்ட்' என்பார்கள். அது கலெக்டர் இருக்கும் மாவட்டம் இல்லை, போட்டிக்காகப் பிரித்த குழு. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலிருந்தும் நான்கு அணிகள் பிளேஆஃபுக்கு வரும். 6ஏ-வில் அவற்றை மறுபடி இரண்டு டிவிஷனாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 64 அணிகள், ஆறு சுற்று நாக்-அவுட். நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் மூன்றாம் வாரம் வரை ஓடும். இறுதி ஆட்டங்கள் ஆர்லிங்டனில், டாலஸ் கவ்பாய்ஸ் ஆடும் ஏடி அண்ட் டி ஸ்டேடியத்திலேயே நடக்கும். 2013-இல் ஆலன் பள்ளியும் பேர்லேண்ட் பள்ளியும் அங்கே மோதியபோது 54,000 பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டு பள்ளிக்கூடங்களின் ஆட்டத்துக்கு!

ஆலன் பள்ளி 2012-இல் திறந்த சொந்த ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம், செலவு சுமார் 6 கோடி டாலர். இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டதால் மூடிப் பழுதுபார்த்தார்கள் என்பது தனிக்கதை. ஊரார் வரிப்பணத்தில் கட்டியது. அதனால் "நம்ம பசங்க" என்ற உரிமைப் பேச்சு வருவதில் ஆச்சரியம் இல்லை. இதற்கு மேல் பேச்சுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஏன் குவார்ட்டர்பேக் மட்டும்? தாக்கும் அணியின் ஒவ்வொரு 'ப்ளே'யிலும், அதாவது பந்து நகரத் தொடங்கி நிற்கும் வரையான ஒவ்வொரு துண்டிலும், பந்து ஏறக்குறைய அவன் கைக்குத்தான் முதலில் வருகிறது. அதை ஓடுபவனிடம் கொடுப்பதா, எறிவதா, தானே ஓடுவதா என்பது அவன் கையில் தெரிகிறது. அதனால் ஜெயித்தால் அவன், தோற்றாலும் அவன். தேர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஊரே வடம் பிடிக்கும், கண் எல்லாம் மேலே சாமி மேல் இருக்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை, தேர் கோணிப்போகும்போதுதான் தேடுவோம். இங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஆஃபென்சிவ் லைன் என்ற ஐந்து கனத்த பையன்கள். ஒரு குவார்ட்டர்பேக் 'பதறுகிறான்' என்று யாராவது சொன்னால், பல தடவை அந்த ஐவரில் ஒருவர் கோட்டைவிட்டிருப்பார். சும்மா ஒரு தகவல்: டாலஸ் ஹைலேண்ட் பார்க் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு அணியில் பின்னாளில் என்எஃப்எல் குவார்ட்டர்பேக் ஆன மாத்யூ ஸ்டாஃபோர்டுக்குப் பந்தைக் காலிடையே பின்னால் கொடுத்து (அதுதான் 'ஸ்னாப்') ப்ளேயைத் தொடங்கி வைத்த சென்டர், அதாவது லைனின் நடு ஆள், பின்னாளில் பேஸ்பாலில் பெரிய பிட்ச்சராக வந்த கிளேட்டன் கெர்ஷா. லைனில் நிற்கிறவனையும் கொஞ்சம் கவனித்து வையுங்கள்.

சரி, சாட்சிக்கு வருகிறேன்.

எனக்குப் பிடித்தது 2006 இறுதி ஆட்டம். சவுத்லேக் கரோல் பள்ளி அப்போது டெக்சஸின் பேரரசு. 2002 முதல் 2006 வரை 80 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி. அதுவும் 2003 இறுதி ஆட்டத்தில், கேட்டி பள்ளியிடம், ஒரே ஒரு புள்ளியில். 2006-இல் பயிற்சியாளர் டாட் டாட்ஜ், குவார்ட்டர்பேக் அவருடைய மகன் ரைலி. எதிரே ஆஸ்டின் வெஸ்ட்லேக் பள்ளி, அதன் குவார்ட்டர்பேக் உயரமான ஒரு பையன். சவுத்லேக் 43–29 என்று ஜெயித்தது. அன்றைக்கு அந்தப் பார்வையாளர் வரிசையில் இருந்திருந்தால் நீங்களும் நானும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருப்போம்: ரைலி டாட்ஜ் எங்கேயோ போகப்போகிறான், அந்த உயரமான பையன் பெரிய மேடைக்குச் சரிப்பட மாட்டான். அந்த உயரமான பையன் பெயர் நிக் ஃபோல்ஸ். 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்காக என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்து, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். ரைலி கல்லூரியில், எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும் ஆட வேண்டி வந்தது. என்எஃப்எல் பக்கம் போகவில்லை, பயிற்சியாளர் ஆனார், நல்ல பயிற்சியாளர்.

கதை அதோடு நிற்கவில்லை. கொரோனாவால் தள்ளிப்போன 2020 சீசனின் இறுதி ஆட்டம் 2021 ஜனவரியில் நடந்தது. மறுபடி சவுத்லேக், மறுபடி வெஸ்ட்லேக். இந்தத் தடவை மகன் ரைலி சவுத்லேக் பயிற்சியாளர், அப்பா டாட் வெஸ்ட்லேக் பயிற்சியாளர். சவுத்லேக்கின் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ், பதினோராம் வகுப்பு. கல்லூரிகளுக்காகப் பள்ளி வீரர்களை எடைபோடும் ஆள்தேர்வு இணையதளங்களின் கூட்டு மதிப்பீட்டில் அவனுக்கு முழு மதிப்பெண், அதாவது 1.0000. அதற்கு மேல் எண்ணே கிடையாது. எதிரே கேட் க்ளப்னிக், அவனும் பதினோராம் வகுப்பு. அப்பா அணி 52–34 என்று ஜெயித்தது. அடுத்த ஆகஸ்டில் யூவர்ஸ் பன்னிரண்டாம் வகுப்பு சீசனையே விட்டுவிட்டு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். டெக்சஸில் பள்ளி மாணவன் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கக் கூடாது, கல்லூரி மாணவன் வாங்கலாம். அதுதான் காரணம். பிறகு டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, இரண்டு வருடம் தொடர்ந்து தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனார். என்எஃப்எல் அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2025-இல், அவரை எடுத்தது ஏழாவது சுற்றில், 231-ஆவது ஆளாக. தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன், என்எஃப்எல் வரை போவதே அபூர்வம். ஆனால் பதினேழு வயதில் முழு மதிப்பெண் போட்டவர்கள் மனதில் இருந்தது இது இல்லை.

அப்புறம் வைட்ஹவுஸ் என்ற சின்ன ஊர், டாலஸிலிருந்து கிழக்கே. 2013 பிளேஆஃபில் அந்தப் பள்ளி 65–60 என்று மெஸ்கீட் போட்டீட் பள்ளியிடம் தோற்று வெளியேறியது. அறுபது புள்ளி எடுத்தும் தோல்வி! அந்தக் குவார்ட்டர்பேக்குக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திர மதிப்பீடுதான். பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளவில்லை. டெக்சஸ் டெக் கூப்பிட்டது, போனார். 2014-இல் ஒரு பேஸ்பால் அணிகூட தன் டிராஃப்டின் 37-ஆவது சுற்றில் பெயரை எழுதி வைத்தது, அப்பா பேஸ்பால் பிட்ச்சர் என்பதால் அதுவும் ஒரு வழியாக இருந்தது. அவர்தான் பாட்ரிக் மஹோம்ஸ். மூன்று சூப்பர் பௌல் ஜெயித்தவர். அன்று இரவு வைட்ஹவுஸ்காரர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. டிஃபென்ஸைத் திட்டியிருப்பார்கள், நியாயம்தான்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலையாகிவிடும். ஆலன் பள்ளியில் கைலர் மர்ரி தொடக்க வீரராக ஆடியது 42 ஆட்டம், 42-ம் வெற்றி, 2012 முதல் 2014 வரை மூன்று பட்டம். அவர் விஷயத்தில் "எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஆசாமிதான் சரி. 2018-இல் கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கினார், 2019 டிராஃப்டில் முதல் ஆள். ஆனால் நடுவில் என்ன நடந்தது பாருங்கள். 2015-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் போனார். அப்பா கெவின் மர்ரி ஆடிய அதே கல்லூரி. ஒரே சீசனில் வெளியேறினார். ஓக்லஹோமாவுக்கு மாறி, விதிப்படி ஒரு வருடம் சும்மா உட்கார்ந்தார். அடுத்த வருடம் அங்கே முதல் குவார்ட்டர்பேக்காக இருந்த பேக்கர் மேஃபீல்டுக்கு மாற்று ஆளாக உட்கார்ந்தார். பள்ளியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பையன் இரண்டு வருடம் வரிசையில் நின்றார். உயரம் அப்போதும் இப்போதும் அஞ்சடி பத்து அங்குலம். பள்ளி நாளிலிருந்தே "குள்ளம்" என்ற முணுமுணுப்பு அவரைத் துரத்திக்கொண்டுதான் இருந்தது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். இந்த விளையாட்டில் முளையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. டேவிட் சில்ஸ் என்ற டெலவேர் பையனுக்குப் பதின்மூன்று வயதிலேயே, 2010-இல், கலிஃபோர்னியாவின் யூஎஸ்சி பல்கலைக்கழகம் குவார்ட்டர்பேக் இடம் தருவதாகச் சொன்னது. பையன் ஏழாம் வகுப்பு. கடைசியில் அவர் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பெயர் வாங்கினார், பந்து எறிந்து அல்ல, பிடித்து. ஒரே சீசனில் 18 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) பிடித்தார்.

இப்போது உங்கள் பத்தாம் வகுப்புப் பையனுக்கு வருவோம். ஆரூடம் வேண்டாம், ஆனால் ஆட்டத்தைப் பார்த்து உருப்படியாகச் சில விஷயம் சொல்ல முடியும்.

முதல் சுற்று ஸ்கோரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தன் டிஸ்ட்ரிக்டில் முன்னால் முடித்த அணி, பக்கத்து டிஸ்ட்ரிக்டில் பின்னால் முடித்த அணியோடு மோதும். 56–7 என்று ஜெயிப்பதும், பையன் 350 யார்டு எறிவதும் அங்கே சகஜம். மூன்றாவது சுற்றில்தான் எதிரணியிலும் இவனைப்போல ஐந்து பேர் இருப்பார்கள்.

பந்து ஸ்னாப் ஆனதும் மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நிதானமாக எண்ணுங்கள். ரெண்டு சொல்வதற்குள் எதிரி அவன் மேல் விழுந்தால், அந்த ப்ளேயை அவன் கணக்கில் எழுதாதீர்கள். மூணு தாண்டியும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் எழுதலாம்.

அடுத்து அவன் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். இளம் குவார்ட்டர்பேக்குகளின் பெரிய குறை, எறியப்போகிற ஆளையே வெறித்துப் பார்ப்பது. பின்னால் நிற்கும் எதிரணிக் காவலன், 'சேஃப்டி' என்பார்கள், பந்தைப் பார்ப்பதில்லை, இவன் கண்ணைப் பார்க்கிறான். கண் போன இடத்துக்கு ஓடிப்போய்ப் பந்தைப் பறித்துவிடுவான். செப்டம்பரில் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பையன் நவம்பரில் முதலில் இடது பக்கம் பார்த்துவிட்டு வலது பக்கம் எறிகிறான் என்றால், அவன் வளர்கிறான். ஸ்கோர்போர்டில் இது வராது. நான் ஒரு பையனிடம் இதை முதல்முறை கவனித்த அன்று அவன் அணி தோற்றுப்போனது. எனக்கென்னவோ அந்த சீசனில் அவன் ஆடிய நல்ல ஆட்டம் அதுதான்.

எது அவன் முடிவு, எது கோச்சின் முடிவு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மைதான ஓரத்தில் பெரிய அட்டைகளில் படங்களைத் தூக்கிக் காட்டுகிறார்களே, கவனித்திருப்பீர்கள். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அங்கே பார்ப்பார்கள். எந்த ப்ளே என்பது அங்கிருந்து வருகிறது. "மூன்றாவது டவுனில் ஏன்டா ஓடினாய்" (டவுன் என்பது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்று) என்று பின்வரிசைக்காரர் கத்தும்போது, அவன் சொன்னபடி செய்திருக்கலாம். ஆனால் ஆர்பிஓ என்று ஒரு வகை இருக்கிறது, அதில் எதிரணியில் ஒரே ஒருவனைப் பார்த்து, அவன் முன்னால் வந்தால் எறி, பின்னால் நின்றால் ஓடுபவனிடம் கொடு என்று விட்டுவிடுவார்கள். அதில் தவறினால் அது பையனுடைய தவறுதான். வீட்டில் அந்த ப்ளேயை வீடியோவில் மறுபடி ஓட்டிப் பார்த்தால் இது விளங்கும், நேரில் எனக்கே பாதிதான் பிடிபடும்.

இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்தை எதிரணி பறித்துக்கொள்வது, நடந்த பிறகு வரும் முதல் எறிதல் முக்கியம். சில பையன்கள் உடனே ஐம்பது யார்டு எறிந்து கடனை அடைக்கப் பார்ப்பார்கள். சிலர் பயந்துபோய் நாலு யார்டுக்கு மேல் எறியவே மாட்டார்கள். எட்டு யார்டு தூரத்தில் சும்மா நிற்கிறவனுக்கு அமைதியாக ஒன்று எறிகிற பையன் மேல் எனக்கு நம்பிக்கை வரும்.

'பன்னிரண்டாம் வகுப்புப் பையனை இறக்கு' என்ற வாதத்தை நான் முழுக்கத் தள்ளவில்லை. பெரியவனுக்கு உடல் பலம் அதிகம், அவனுக்கு இது கடைசி வருடம், இன்னும் ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடும். அவன் அம்மா அப்பாவும் அதே ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வாரம் முழுவதும் பயிற்சியில் இரண்டு பேரையும் பார்ப்பது கோச் மட்டும்தான். வெள்ளி இரவில் மூன்று மணி நேரம் மட்டும் பார்க்கிற நமக்கு, வெளியே உட்கார்ந்திருக்கிறவன் எப்போதும் நல்லவனாகத்தான் தெரிவான். இன்னும் ஆடவில்லையே, தப்பு செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லையே.

பிளேஆஃபில் ஒரு நிஜமான ஆபத்தைப் பற்றி யாரும் கத்துவதில்லை: காயம். பதினைந்து, பதினாறு ஆட்டம் என்பது வளர்கிற உடம்புக்கு நிறைய. பின்னாளில் என்எஃப்எல்லில் பெரும் குவார்ட்டர்பேக் ஆன ட்ரூ ப்ரீஸ் இதே ஆஸ்டின் வெஸ்ட்லேக்கில் 1995 பிளேஆஃபில், பதினோராம் வகுப்பில், முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். அடுத்த வருடம் திரும்பி வந்து 16 ஆட்டமும் ஜெயித்துப் பட்டம் வாங்கினார். தொடக்க வீரராகப் பள்ளியில் ஒரு ஆட்டமும் தோற்றதில்லை. அப்படியும் பெரிய டெக்சஸ் கல்லூரிகள் கூப்பிடவில்லை, முழங்காலும் உயரமும் காரணம் என்பார்கள். இந்தியானாவில் பர்டியூ பல்கலைக்கழகம் வரை போனார். உங்கள் பையன் நொண்டியபடி எழுந்து நிற்கிறான் என்றால், அவனை வெளியே கூப்பிடுகிற கோச்சைப் பார்த்து "கோழை" என்று கத்துகிறவர்களோடு சேராதீர்கள்.

இன்னொரு வகைப் பேச்சும் உங்கள் காதில் விழும்: "அல்ஜிப்ராவில் பாஸா?" வம்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1984-இல் டெக்சஸில் ஒரு சட்டம் வந்தது, பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆறு வாரம் ஆட முடியாது. 1995-இல் அதைக் குறைந்தது மூன்று வாரம் என்று தளர்த்தினார்கள். சட்டம் வந்தபோது ஆளுநராக இருந்த மார்க் ஒயிட் 1986 தேர்தலில் தோற்றதற்கு கோச்சுகளின் கோபமும் ஒரு காரணம் என்று இன்றும் சொல்வார்கள். ஒரு பையனின் மதிப்பெண் அட்டைக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாரங்கள் உண்டு. நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான், என்ன, இங்கே பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துகொள்கிறார்.

பேச்சு எங்கே எல்லை தாண்டுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். "அந்த எறிதல் மோசம்" என்பது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. "அவன் மோசம்" என்பது வேறு. பணம் வாங்கி ஆடுகிறவரைத் திட்டினால் அவருக்குப் பழக்கம். இவனுக்குத் திங்கட்கிழமை காலை வேதியியல் வகுப்பு இருக்கிறது, பக்கத்து பெஞ்சில் இருக்கிறவன் போனில் அதே பேச்சைப் படித்துவிட்டு வந்திருப்பான். இரண்டு வரிசை முன்னால் பையனின் எண் போட்ட ஜெர்சியோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாரா பாருங்கள். அநேகமாக அம்மா. ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் அவர் தோள் ஏறி இறங்குவதே ஒரு ஸ்கோர்போர்டு.

மூன்றாவது சுற்று வழக்கமாக நன்றி நவிலல் (தாங்க்ஸ்கிவிங்) வார இறுதியில் வரும். வியாழன் காலை மற்ற வீடுகளில் வான்கோழி அடுப்பில் இருக்கும்போது, பிளேஆஃபில் இன்னும் மிஞ்சியிருக்கும் அணிகள் பயிற்சியில் இருக்கும். அன்றைக்குப் பயிற்சி செய்வதே இங்கே ஒரு பெருமை. ஊரில் பாதிப்பேர் தாத்தா பாட்டியோடு பயிற்சியைப் பார்க்கப் போவார்கள், நீங்களும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் அருகில் பார்த்தால் அந்தக் குவார்ட்டர்பேக் எவ்வளவு சின்னப் பையன் என்று தெரியும். ஆட்டம் அநேகமாக இரண்டு ஊருக்கும் பொதுவான வேறொரு ஸ்டேடியத்தில் இருக்கும். டிக்கெட்டைப் போனிலேயே முன்கூட்டி வாங்கிவிடுங்கள், பல இடங்களில் வாசலில் பணம் வாங்குவதில்லை. வடக்குக் காற்று அடித்தால் அலுமினியப் பலகை ஐஸ் மாதிரி இருக்கும், கீழே போட ஒரு கனத்த போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு விரல் நுனி வெட்டிய கையுறை ஒன்று வாங்கிக் கொடுங்கள், கிளாரினெட் துளையை முழுக் கையுறையோடு மூட முடியாது.